இடது கையில் வந்த கூறைச்சேலை

போன வாரம் நான் வேலை பார்த்த கடையின் பட்டுப் பிரிவுப் பெண்கள் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். "ஏனுங்கக்கா, இப்ப வர்ற கல்யாணப் பொண்ணுக போனை நீட்டி, இதே மாதிரி வேணும், ஆனா யாருமே கட்டாததா வேணும்ங்கறாங்க. நாங்க என்னதான் பண்றது?" என்று கேட்டு என் வாயைக் கிளறிவிட்டார்கள். அதே மாதிரியும் இருக்க வேண்டும், யாரும் கட்டாததாகவும் இருக்க வேண்டும் என்றால் கடவுளே வந்து தறியில் உட்கார்ந்தாலும் ஆகாது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால், எங்கள் காலத்துப் பெண்களும் இதைத்தான் மனசுக்குள் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றார்கள் என்று தோன்றியது. அதைச் சொல்ல ஆரம்பித்தேன், நேரம் போனதே தெரியவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். நீளமாகப் போனால் என்னைத் திட்டக் கூடாது.

நான் ராஜாமணி. ஒப்பணக்கார வீதியில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில், கல்யாணப் பட்டுப் பிரிவிலேயே வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றேன். நான் சேர்ந்தபோது அந்த மாடியில் எல்லாரும் ஆண்கள். கல்யாணப் பெண்ணின் தோளில் முந்தியைப் போட்டுக் காட்ட அவர்களுக்கும் கூச்சம், பெண்ணுக்கும் கூச்சம். அதற்காகத்தான் எங்களை எடுத்தார்கள். கிணத்துக்கடவிலிருந்து பஸ் ஏறி உக்கடத்தில் இறங்கி, அங்கிருந்து வேகுவேகென்று நடந்து வருவேன். முதல் சில மாதம் சேலை மடிப்பதைத் தவிர வேறு எதையும் தொட விடவில்லை. கனவில்கூட மடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டை விட்டுவிடலாம், எல்லாக் கடையிலும் அது ஒன்றுதான்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு ரஹீம் பாய். கோட்டைமேட்டுக்காரர். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, குரல் எப்போதும் பக்கத்து ஆளுக்கு மட்டும் கேட்கிற அளவு. பட்டுப் பிரிவில் கத்தி விற்கிற ஆள் அவருக்கு ஆகாது. 'இது உங்களுக்கு ரொம்ப நல்லா இருக்குது' என்று அவர் வாயால் ஒருநாளும் கேட்டதில்லை. "நல்லா இருக்குதுன்னு அவங்க சொல்லோணும் அம்மணி. நாம சொன்னா அது யாவாரம்" என்பார். வேன் நிறைய ஆள் வந்து இறங்குவார்கள். வந்ததும் சேலையைப் பிரிக்கக் கூடாது. தண்ணீர் கொடுத்து, வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்கார வைத்து, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் பேசுகிறவர்கள் முடிவு செய்கிறவர்கள் இல்லை. தூணில் சாய்ந்துகொண்டு ஒன்றும் பேசாமல் இருக்கும் ஒரு அம்மாதான் முடிவு செய்வார். ஒருவர் கை ஒரு சேலைமேல் இருக்கும்போது அதை மடிக்கக் கூடாது. மாப்பிள்ளையின் அம்மா தொட்டுப் பார்க்கும் முன்னால் பெண்ணின் தோளில் போடக் கூடாது. இப்படி அவருக்கு ஏகப்பட்ட சட்டம்.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கான கூறைச்சேலையை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். பெண்ணுக்குப் பிடிக்காவிட்டாலும் அந்த இடத்தில் எப்படிச் சொல்வாள்? பாயின் தங்கை நிக்காஹ் துணி எடுக்கும்போது, "இந்தக் கலரு வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாளாம். அந்த ஒரு வார்த்தைக்காகப் புகுந்த வீட்டில் வாய் நீளம் என்று பேர் வைத்து, குழந்தை பிறந்த பிறகும் சொல்லிக்காட்டினார்களாம். அதனால் பாய் ஒரு வழி வைத்திருந்தார். பெண்ணைக் கண்ணாடிக்கு அழைத்துப் போய், திரையை இழுத்துவிட்டு, சேலையை நான் அவளுக்குக் கட்டிவிடுவேன். பிடித்திருந்தால் அதை என் வலது கையில் போட்டுக்கொண்டு வருவேன். பிடிக்கவில்லை என்றால் இடது கையில். இடது கையைப் பார்த்ததும் பாய் சேலையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, "மன்னிச்சுக்கங்கம்மா, இந்த எடத்துல ஒரு இழை தட்டியிருக்குது, முகூர்த்தத்துக்கு இது வேண்டாமுங்க" என்று அவரே எடுத்து வைத்துவிடுவார். பொய் இல்லை. கையால் நெய்தது, தேடினால் ஒரு குறை இல்லாமலா போகும்? வேண்டாம் என்ற சொல் கடையின் வாயிலிருந்து வர வேண்டும், பெண்ணின் வாயிலிருந்து வரக் கூடாது. அவ்வளவுதான்.

இந்த வழி ஒரே ஒரு தடவை எங்களைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது. தொண்ணூறுகளின் நடுவில், தை பிறந்து கல்யாணக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த சமயம். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒரு வேன் வந்தது. லேத் பட்டறை வைத்திருக்கிற குடும்பம். வீட்டம்மா பெயர் வள்ளியம்மாள். அவருக்கு ஒரு மகள், அவளுக்குக் கீழே இரண்டு மகன்கள். இரண்டு மகன்களுக்கும் ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம். பெண்கள் வசந்தி, ஜெயந்தி. இரட்டைப் பிறவி.

இரட்டை என்றால் சும்மா இல்லை. ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே பீஸில் வெட்டித் தைத்த பச்சைச் சுடிதார், தலையில் ஒரே அளவு கனகாம்பரம். யார் யார் என்று நான் அடையாளம் வைத்துக்கொண்டது பேச்சை வைத்துத்தான். சில நிமிஷம் மூத்தவளான வசந்தி பேசுவாள். "எங்களுக்குத் தண்ணி போதுமுங்க", "நாங்க பஸ்ஸுலயே வந்திருப்போமுங்க" என்று எல்லாவற்றையும் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசுவாள். ஜெயந்தி தலையை ஆட்டுவாள்.

வள்ளியம்மாள் தூணில் சாய்கிற ரகம் இல்லை. நேராக வந்து பாய்க்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு கூறை வேணுமுங்க. கலரு, கரை, சரிகை எதுலயும் ஒரு இழை எச்சுக் கம்மி இருக்கக் கூடாது. நான் கல்யாணமாயி வந்தப்ப என்ற ஓரகத்திக்கு எச்சாச் சரிகை போட்ட சேலை, எனக்குக் கம்மி. அதையப் பேசிப் பேசியே என்னைய அழ வெச்சாங்க. என்ற ஊட்டுல அந்தப் பேச்சே வரக்கூடாது பாருங்க."

எனக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துவிட்டது. இரண்டு மருமகளில் ஒருத்தியும் அழக் கூடாது என்று நினைக்கிற மாமியார் எத்தனை பேர்? பாயும் சந்தோஷமாக ஒரு ஜோடியை எடுத்துவந்தார். தறியில் ஒரே பாவில் அடுத்தடுத்து நெய்த இரண்டு சேலை. அரக்குச் சிவப்பு, அகலக் கரை. வள்ளியம்மாள் தொட்டார், தடவினார், சரி என்றார். எல்லாருக்கும் பிடித்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு ஜெயந்தியைக் கண்ணாடிக்கு அழைத்துப் போனேன்.

கொசுவம் வைத்து, முந்தியைத் தோளில் போட்டு நிமிர்ந்தால், பெண் கண்ணாடியைப் பார்த்தபடி அழுதுகொண்டிருக்கிறாள். சத்தமே இல்லை.

"ஏன் கண்ணு, புடிக்கலையா?"

"நல்லாத்தானுங்கக்கா இருக்குது."

"பொறவு என்னத்துக்கு அழுகறே?"

"வசந்தியும் இதையேதானுங்க கட்டுவா."

எனக்குச் சுருக்கென்றது. அவள் அதுவரை தேக்கி வைத்திருந்ததையெல்லாம் மெதுவாகக் கொட்டினாள்.

"எங்க ஊட்டுல இருக்கற போட்டோவுல எது நான்னு எனக்கே தெரியாதுங்கக்கா. அம்மா ஒண்ணு சொல்றாங்க, அப்பா ஒண்ணு சொல்றாரு. பள்ளிக்கூடத்துல ரெட்டைன்னு கூப்புட்டா ரெண்டு பேரும் எந்திரிப்போம். அதெல்லாம் போகட்டுமுங்க. பொண்ணு பாக்க வந்தப்பவும் ஒரே மாதிரிச் சேலையக் கட்டித்தான் நிறுத்துனாங்க. மூத்தவளுக்கு மூத்தவரு, எளையவளுக்கு எளையவருன்னு பெரியவங்களே பிரிச்சுப்போட்டாங்க. அவரு என்னையப் பாத்தாரா, அவளைப் பாத்தாரான்னு எனக்குத் தெரியலைங்க. மணவறையிலயாச்சும், இவதான் ஜெயந்தின்னு அவரு பாக்கோணும். அந்த ஒரு நாளு போதுமுங்க எனக்கு."

"வசந்திகிட்டச் சொல்லலாமே அம்மணி."

"அய்யோ, வேண்டாமுங்க! அவ தாங்க மாட்டா. ரெண்டு பேரும் ஒரே ஊட்டுக்குப் போலாம்னு, அவளுக்கு வந்த நல்ல எடத்தையெல்லாம் வேண்டாம்னு சொல்லிப்போட்டாளுங்க. நீங்களும் யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

சத்தியம் வாங்காத குறை. சொல்ல மாட்டேன் என்றேன். என் சேலைத் தலைப்பால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, கூறையை இடது கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பாய் ஒரு பார்வை பார்த்தார், சேலையை வாங்கினார், வெளிச்சத்தில் பிடித்தார், இழை தட்டியிருக்கிறது என்றார். வள்ளியம்மாள், "அப்ப இந்த ஜோடியே வேண்டாமுங்க, வேற எடுங்க" என்றார். அடுத்து ஒரு ஜோடி வந்தது. அதிலும் ஒன்று இடது கையில் திரும்பியது. ராமர் பச்சையில் ஒரு ஜோடி, மாம்பழ மஞ்சளில் ஒரு ஜோடி. எதைக் கொடுத்தாலும் ஜெயந்திக்கு அது பிடிக்கும், அதில் இன்னொன்று இருப்பதுதான் பிடிக்காது. நான் இடது கையோடு வந்துகொண்டே இருக்கிறேன். பாய் இழையைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார். அவர் நெற்றி வேர்த்துவிட்டது.

வள்ளியம்மாள் கண்ணைச் சுருக்கினார்.

"ஏனுங் பாய், உங்க கடையில ஜோடிக்கு ஒண்ணு பழுதாத்தான் நெய்வாங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. வள்ளியம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "எந்திரிங்க எல்லாரும். வேற கடைக்குப் போலாம்."

வேறு கடைக்குப் போனால் அங்கே இடது கையும் இல்லை, வலது கையும் இல்லை. முதலில் பிரிக்கிற ஜோடியை மடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஜெயந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாய் என்னைப் பார்த்தார், என்னதான் விஷயம் என்கிற மாதிரி. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு எதைச் சொல்வது?

"அம்மா, சித்த இருங்க," என்றேன். "மூத்த பொண்ணுக்கு இன்னும் ஒண்ணுகூடக் கட்டியே பாக்கலைங்களே. அந்த அரக்குல பழுதில்லாததை ஒருக்கா கட்டிப் பாத்துப்போட்டு, பொறவு எங்க வேணும்னாலும் போங்க."

வள்ளியம்மாளுக்கும் அரக்கின்மேல் ஒரு கண் இருந்தது. சரி என்று நின்றபடியே தலையை ஆட்டினார். நான் வசந்தியை இழுத்துக்கொண்டு திரைக்குள் போனேன். நேரம் கடத்தத்தான் போனேன், வேறு யோசனை ஒன்றும் எனக்கில்லை.

திரை மூடியதும் அவள் கேட்டாள். "ஜெயந்தி அழுதாளாங்கக்கா?"

"இல்லையே கண்ணு."

"சும்மா சொல்லாதீங்க. அவ அழுதா எனக்குத் தெரியாதுங்களா? அவளுக்கு வேற சேலை வேணும். என்னைய மாதிரி இல்லாம." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு முன்னாடியே தெரியுமுங்க. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே, நீ வேற கட்டிக்கறயாடின்னு நான் கேட்டிருக்கோணும். மனசு வரலைங்கக்கா. கல்யாணத்துக்கப்பறம் அவ ஊட்டுக்காரரு எடுத்துக் குடுக்கறதைத்தான் அவ கட்டுவா, என்ற ஊட்டுக்காரரு எடுத்துக் குடுக்கறதை நான் கட்டுவேன். ஒண்ணாக் கட்டறது இதாங்க கடைசி."

அவள் ஆசைப்பட்டதும் நியாயம்தான். கொசுவத்தைச் செருகி, முந்தியைப் போட்டுவிட்டேன். வசந்தி கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சின்னதுல கண்ணாடியப் பாத்தா, ஜெயந்தி வந்து நிக்கறான்னு நெனைச்சுக்குவேனுங்க," என்றாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, சேலையை அவிழ்க்கக்கூட விடாமல், கட்டின அரக்கோடு திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் கொசுவம் அவிழ்ந்துவிடப்போகிறதே என்று பின்னாலேயே ஓடினேன்.

நேராக வள்ளியம்மாள் முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுமாங்க? தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளு சாமி."

"இணைச்சீருல ரெண்டு கூறையும் ஒரே மாதிரி இருந்தா, எது யாரோடதுன்னு எப்படீங்க தெரியும்?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். மாப்பிள்ளையையும் அவன் கூடப்பிறந்தவளையும் பக்கத்தில் நிறுத்தி, பெண் உடுத்தப்போகிற கூறையைக் கூடையில் வைத்துச் செய்கிற சீர். அது முடிந்துதான் கூறை பெண்ணுக்குப் போகும். இங்கே மாப்பிள்ளைகள் இரண்டு, கூடப்பிறந்தவள் ஒருத்தி, கூறை இரண்டு. அண்ணனோடு வைத்துச் சீர் செய்த கூறையைத் தம்பிக்கு வரப்போகிறவள் உடுத்திவிட்டால்? அதை நினைத்துப் பார்க்கவே எவரும் துணிய மாட்டார்கள்.

வள்ளியம்மாளின் மகள்தான் முதலில் வாய் திறந்தாள். "ஆமாங்கம்மா! நான் ஒருத்தி, கூடை ரெண்டு. அந்தக் கூட்டத்துல நான் எதைய எந்தத் தம்பிகிட்ட வெப்பேன்? மாறிப்போச்சுன்னா என்ற தலையில்ல உருளும்?"

வள்ளியம்மாள் பொத்தென்று மெத்தையில் உட்கார்ந்தார். "முருகா," என்றார். கொஞ்ச நேரம் நெஞ்சில் கை வைத்திருந்தார். "எச்சுக் கம்மி வரக்கூடாதுன்னே பாத்துட்டு, இதைய மறந்துபோட்டேனே. ஏனுங் பாய், இத்தனை கூறை வித்த ஆளு, நீங்களாச்சும் சொல்லக் கூடாதுங்களா?"

"உங்க மருமக சொல்லித்தானுங்கம்மா எனக்கே ஒறைக்குது," என்றார் பாய். அவர் பார்வை வசந்தியிடம் போய், ஜெயந்தியிடம் போய், என் இடது கைக்கு வந்தது. மனுசனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சரி, மூத்தவளுக்கு இந்த அரக்கு இருக்கட்டும், பாந்தமா இருக்குது. எளையவளுக்குக் கலரு மட்டும் வேற. சரிகையும் கரை அகலமும் இதேதான் இருக்கோணும், ஆமா!" என்று வள்ளியம்மாள் தீர்ப்புச் சொன்னார்.

இனிமேல்தான் பெரிய கூத்து. "உனக்கு என்ன கலரு புடிக்கும் கண்ணு?" என்று ஜெயந்தியைக் கேட்டேன். அவள் முழித்தாள்.

"தெரியலைங்கக்கா. என்னைய மட்டும் தனியா யாரும் கேட்டதில்லையே."

பாய்தான் வந்து உட்கார்ந்தார். அந்தக் கரை அகலத்துக்கும் சரிகைக்கும் ஒத்துவருகிற சேலைகள் அத்தனையையும் ஓரம் மட்டும் தெரிகிற மாதிரி வரிசையாக அடுக்கினார். "வேணுங்கறதைத் தேட வேண்டாம் அம்மணி. வேண்டாங்கறதை ஒவ்வொண்ணா எடுத்து என்கிட்டக் குடுங்க. அவசரமே இல்ல" என்றார். அதுவரை வேண்டாம் என்று சொல்லாத பெண்ணுக்கு வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள்ளவே நேரம் பிடித்தது. முதல் சேலையைக் கொடுக்கும்போது பாதியில் கையை இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டினாள். அப்புறம் வேகம் வந்தது. ராமர் பச்சை போயிற்று, மயில் கழுத்து போயிற்று, வெங்காயச் சருகு கொஞ்ச நேரம் மடியில் கிடந்து அதுவும் போயிற்று. பாய் ஒவ்வொன்றையும் வாங்கி, ஏன் என்று கேட்காமல் ஓரமாக வைத்தார். கடைசியில் மெத்தையில் ஒரே ஒரு சேலை இருந்தது. கத்தரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சள் கரை. ஜெயந்தியின் இரண்டு கையும் அதன்மேல் இருந்தது.

"கத்தரிப்பூவா? முகூர்த்தத்துக்கா?" என்று ஒரு மாமா இழுத்தார்.

"கட்டறவளுக்குப் புடிச்சிருக்குது. நீங்க வேட்டி எடுங்க, போங்க," என்றார் வள்ளியம்மாள். எழுந்து போய்க் கட்டியணைக்கலாமா என்றிருந்தது எனக்கு.

கண்ணாடிக்கு முன்னால் ஜெயந்திக்கு அதைக் கட்டிவிட்டேன். அழவில்லை. "அக்கா, இது நானுங்க," என்றாள். அந்தச் சேலை வலது கையில் வெளியே வந்தது.

பில் போடக் கொடுத்துவிட்டு, பெண்கள் இரண்டு பேரும் பழையபடி பச்சைச் சுடிதாரோடு மாடிப்படிப் பக்கம் நின்றார்கள். அப்போது கீழே வேனில் காத்திருந்த மாப்பிள்ளைகளில் சின்னவர், சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று கூப்பிட மேலே வந்தார். பெயர் செந்தில். அவரைக் கண்டதும் லேசாகச் சிரித்த, ஒரே மாதிரி நிற்கிற இரண்டு பேரையும் பார்த்தார். ஒரு நொடிகூட நிற்காமல் ஜெயந்தியிடம் போய், "ஜெயந்தி, சேலை புடிச்சுதா?" என்றார்.

ஜெயந்தி அப்படியே நின்றுவிட்டாள். நான் பக்கத்து மேசையில் பெட்டிக்குத் தாள் மடித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நாந்தான் ஜெயந்தின்னு எப்படீங்க தெரிஞ்சுது?"

அவர் கூச்சத்தோடு கழுத்தைச் சொறிந்தார். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே பாத்தேன். சிரிக்கறதுக்கு முன்னாடி நீ உங்கக்காளைப் பாக்கறே. அவங்க உன்னையப் பாக்கறதில்ல."

ஜெயந்தி சிரித்தாள். யாரையும் பார்க்காமல், வாய் நிறைய, சத்தமாகச் சிரித்தாள். வசந்திதான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அரக்குச் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். "வா கண்ணு. முந்திக்குக் குஞ்சம் கட்டோணும். சின்னதாக் கட்டறதா, நீளமா விடறதா, நீ சொல்லு."

"எங்களுக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். சேலையின் முந்தியைத் தொட்டுப் பார்த்தாள். ஜெயந்தி இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை.

"எனக்கு நீளமா விடுங்கக்கா," என்றாள்.